நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிறிய விமானங்கள் ஏன் கவிழ்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலிருந்து மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் விடுமுறைக்குப் போய்வரும் நம்மவர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே சிறிய விமானத்தில் ஏறித் தண்ணீரில் இறங்கிய வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், "இது கவிழாதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சுபாங்கில் விமானப் பராமரிப்புத் தொழிலில் இருந்தவன் என்பதால் அந்தக் கேள்வி பல தடவை என்னிடம் வந்திருக்கிறது. தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கவிழும் என்பதுதான் உண்மை. ஆனால் மிக மோசமான விபத்துகளில் பல, ஒரு வாய் வார்த்தையால் தடுத்திருக்கக்கூடியவை. அந்த வார்த்தையைப் பைலட் மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மாலத்தீவில் நாங்கள் ஏறியது இந்த வகை விமானம்தானா?

பெரும்பாலும் இல்லை. மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நீர்த்தளத்திலிருந்து ரிசார்ட்டுகளுக்குப் பறக்கும் ட்வின் ஓட்டர்களுக்கு அடியில் இரண்டு நீளமான மிதவைகள் மட்டுமே இருக்கும். சக்கரம் கிடையாது. தண்ணீரில் கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும்.

இந்தப் பக்கம் பேசுவது இரண்டிலும் இறங்கும் விமானங்களைப் பற்றி. இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மிதவைக்குள்ளேயே மடங்கும் சக்கரங்கள் உள்ளவை. செஸ்னா 206, செஸ்னா காரவன் போன்ற சாதாரண விமானங்களுக்கே இப்படிப்பட்ட மிதவைகளைப் பூட்டுவார்கள். இலங்கையில் கட்டுநாயக்க ஓடுபாதையில் கிளம்பி நீர்த்தேக்கங்களில் இறங்கும் காரவன் இந்த வகை. இன்னொன்று, விமானத்தின் அடிவயிறே படகாக அமைந்தவை. லேக், சீரே, ஐகான் ஏ5 ஆகியவை அப்படி. இவற்றின் சக்கரம் உடலின் பக்கவாட்டிலோ இறக்கையிலோ மடங்கிக்கொள்ளும்.

இறங்கும்போது நடப்பதில் மிக மோசமானது எது?

சக்கரம் கீழே இருக்கும்போது தண்ணீரில் இறங்குவது. வேறெதுவும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. இந்தச் சிறிய விமானங்கள் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மிதவையின் அடிப்பாகம் வழுக்கிப் போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதற்கும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு அந்த வடிவம் இல்லை. அது தண்ணீரைத் தொட்ட நொடியில் அடியில் பெரும் இழுவை பிடித்துக்கொள்கிறது. விமானத்தின் எடையோ மேலே இருக்கிறது, அது முன்னே போகவே பார்க்கும். மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகும்போது முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். மூக்கு தண்ணீருக்குள் குத்தி, வால் தலைக்கு மேலே வந்து, ஓரிரு விநாடிகளில் விமானம் தலைகீழ்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் இன்னும் கொடுமை. மிதவைகள் உடையாமல் இருந்தால் விமானம் மூழ்காது. மிதவை மேலே, கேபின் கீழே என்று தொங்கிக்கொண்டிருக்கும். ஆட்கள் இருக்கும் பகுதி முழுவதும் தண்ணீருக்குள். மோதலில் பெரிய காயம்கூடப் படாதவர்கள், கதவைக் கண்டுபிடிக்க முடியாமல் உள்ளேயே மூச்சடங்கிப் போகிறார்கள்.

அனுபவமுள்ள பைலட் சக்கரத்தை எப்படி மறப்பார்?

இதைக் கேட்கிறவர்கள் குரலில் கோபம் தெரியும். பைலட்டை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் அடுத்த விபத்தையும் தடுக்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண விமானத்தில் பயிலும் எவருக்கும் முதல் நாளிலிருந்து மண்டையில் ஏற்றப்படும் பாடம் ஒன்று: இறங்குவதற்கு முன் சக்கரத்தை இறக்கு. பச்சை விளக்கு எரிகிறதா பார். அதை மறப்பதுதான் பெரிய குற்றம். ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கு இது யோசனை இல்லாமலே கையில் வந்துவிடும். அப்படிப்பட்டவர் நீர்-நில விமானத்தில் உட்கார்ந்து ஏரியை நெருங்கும்போது, பழகிய கை தானாகவே நெம்புகோலைக் கீழே தள்ளிவிடும். தரையில் அவரைக் காப்பாற்றிவந்த பழக்கமே இங்கே ஆளைக் கொல்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, இதுதான் அதிகம் நடப்பது. ஓடுபாதையில் கிளம்பியதும் சக்கரத்தை மேலே ஏற்ற வேண்டும். பக்கத்து ஏரிக்குப் பத்தே நிமிடப் பயணம். கிளம்பும்போது கட்டுப்பாட்டுக் கோபுரம் ஏதோ கேட்கிறது, அல்லது வேறு ஒரு விமானம் குறுக்கே வருகிறது, அல்லது பின்னாலிருக்கும் பயணி தோளைத் தொட்டு ஏதோ காட்டுகிறார். சக்கரம் ஏற்றும் வேலை விட்டுப்போகிறது. மிதவையில் மடங்கும் சக்கரம் இறங்கியிருந்தாலும் விமானத்தின் வேகம் பெரிதாகக் குறையாது, அதனால் பறக்கும்போது உடம்பால் உணரவும் முடியாது. ஏரி வந்துவிடுகிறது. "நான் ஒன்றும் இறக்கவில்லையே, அப்படியென்றால் மேலேதான் இருக்கும்" என்று மனம் சொல்லிவிடுகிறது.

மற்ற விமானங்களில் சக்கரக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்று. இங்கே இரண்டு, ஒவ்வொரு முறையும் எது என்று புதிதாக முடிவெடுத்தாக வேண்டும். சோதனைப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர் தடுமாறும் இடம் இது.

இறங்குவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பது நமக்குத் தெரியாததல்ல. 2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த பீச்கிராஃப்ட் 390 விமானம் எல்மினாவில் விழுந்து, சாலையில் போய்க்கொண்டிருந்த இருவர் உட்பட 10 பேர் இறந்தார்கள். அது நீர்விமானம் அல்ல, சாதாரண ஜெட். ஆனால் விசாரணை அறிக்கை சொன்ன காரணத்தைப் பாருங்கள்: இறங்குவதற்கு முந்தைய சோதனைகளைச் செய்துகொண்டிருக்கும்போது, தரையைத் தொட்ட பிறகே விரிக்க வேண்டிய, இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் லிஃப்ட் டம்ப் தகடுகள் வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டன. பாதுகாப்புக்காகச் செய்யும் சோதனைக்கு நடுவிலேயே கை தவறான இடத்துக்குப் போக முடியும். அந்த அறிக்கையைப் படித்த பிறகு எந்தச் சோதனைப் பட்டியலையும் நான் அலட்சியமாகப் பார்த்ததில்லை.

எச்சரிக்கைக் கருவி எதுவும் கிடையாதா?

உண்டு. பல மிதவை அமைப்புகளில் சக்கரம் மேலே இருந்தால் நீல விளக்கு, கீழே இருந்தால் பச்சை விளக்கு. நீலம் தண்ணீருக்கு, பச்சை தரைக்கு. மிதவைக்கு முன்னொன்று பின்னொன்று என மொத்தம் நான்கு சக்கரங்கள், எனவே நான்கு விளக்குகளும் ஒரே நிறத்தில் எரிய வேண்டும். மூன்று நீலமும் ஒரு பச்சையும் எரிந்தால் தண்ணீர்ப்பக்கம் போகவே கூடாது. சக்கரம் நேரில் தெரியும்படி இறக்கையிலோ மிதவையிலோ சிறு கண்ணாடி பொருத்துவதும் வழக்கம்.

வேகம் குறைந்ததும் குரல் கொடுக்கும் கருவியும் இருக்கிறது. "சக்கரம் மேலே, நீரில் இறங்கலாம்" அல்லது "சக்கரம் கீழே, ஓடுபாதையில் இறங்கலாம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பேசும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கீழே இருப்பது ஏரியா ஓடுபாதையா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். இரண்டு வாக்கியமுமே அமைதியான, சாதாரண வாக்கியங்கள். தினமும் கேட்டுப் பழகிய காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஏரிக்கு மேலே "ஓடுபாதையில் இறங்கலாம்" என்று அது சொல்லச் சொல்லவே இறங்கிக் கவிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், உப்பு. கடல்நீரில் இறங்கும் விமானத்தின் சிறு சுவிட்சுகளும் வயர் இணைப்புகளும் சீக்கிரம் அரித்துப்போகும். நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் விளக்குகள் பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்லும் விளக்குக்குப் பழகிய பைலட், உண்மை சொல்லும்போதும் அதை நம்ப மாட்டார். பராமரிப்பு ஆள் என்ற முறையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

ஆகவே நல்ல பயிற்றுநர்கள் வலியுறுத்துவது, வாய்விட்டுச் சொல்வதை. "இது நீரில் இறங்குவது. சக்கரம் மேலே. இடது பார்த்தேன், வலது பார்த்தேன்." முதலில் எங்கே இறங்குகிறோம், பிறகுதான் சக்கரம். இந்த வரிசை மாறக்கூடாது. கிளம்பியதும் ஒரு தடவை, இறங்கும் வழிக்கு வந்ததும் ஒரு தடவை, தொடுவதற்குச் சற்று முன் கடைசியாக ஒரு தடவை.

பயணி இதைப் பற்றிப் பைலட்டிடம் கேட்கலாமா? மரியாதைக் குறைவு ஆகாதா?

கேட்க வேண்டும். கிளம்புவதற்கு முன், தரையில் நிற்கும்போதே, "கேப்டன், தண்ணீரில் இறங்கும்போது சக்கரம் மேலே இருக்கிறதா என்று நானும் பார்க்கலாமா? எங்கே பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். நல்ல பைலட் சந்தோஷப்பட்டுக் காட்டுவார். முகம் சுளிப்பவராக இருந்தால், அதுவும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுதான்.

பெரியவர்களிடமும் சீருடை போட்டவர்களிடமும் கேள்வி கேட்கத் தயங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. டாக்டரிடம் மருந்தின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறோம். இந்த விமானத்தில் தயவுசெய்து அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். ஜன்னல் வழியே மிதவையின் சக்கரம் உங்களுக்குத் தெரியலாம். ஏரியை நெருங்கும்போது அது கீழே தொங்கிக்கொண்டிருந்தால் உரக்கக் கத்துங்கள். நீங்கள் தவறாகப் பார்த்திருந்தால் நட்டம் ஒன்றுமில்லை, விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வரும்.

இதற்கு நேர்மாறாக, ஓடுபாதையில் சக்கரம் இறக்காமல் இறங்கினால்?

பெரும்பாலும் அடிப்பாகம் உரசிச் சேதமாகும், செலவு வைக்கும், ஆட்கள் நடந்து வெளியே வருவார்கள். படகு வடிவ அடிப்பாகமும் மிதவையும் அதைத் தாங்கும்.

இந்த வித்தியாசத்திலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அல்லது ஒரு சக்கரம் பாதியில் சிக்கிக்கொண்டால், தண்ணீரை விட்டுவிட்டுத் தரைக்குப் போக வேண்டும். கையால் இயக்கும் அவசரப் பம்ப் இருக்கும், அதை முதலில் முயன்று பார்க்கலாம். அதுவும் உதவாவிட்டால் ஓடுபாதையோ புல்தரையோதான் வழி.

காற்றே இல்லாத அமைதியான ஏரி என்றால் பாதுகாப்புதானே?

பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். பைலட்டுகள் அதிகம் பயப்படுவதே அப்படிப்பட்ட நீரைப் பார்த்துத்தான். அதைக் கண்ணாடி நீர் என்பார்கள்.

அலை இருந்தால் அதன் அளவைப் பார்த்து உயரத்தைக் கண் கணிக்கும். அலையே இல்லாத நீரில் மேகமும் மலையும் பிரதிபலிக்கும், நீரின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இருபது அடி உயரத்தில் இருந்துகொண்டு இரண்டு அடி என்று நினைத்து மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து விமானம் பொத்தென்று விழும். இரண்டு அடியில் இருந்துகொண்டு இருபது அடி என்று நினைத்தால் மூக்கு நேராகத் தண்ணீருக்குள் போகும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கண் ஏமாறும். இதில் திறமைக்கு வேலையில்லை.

அதனால் கண்ணை நம்பாமல் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கரையை ஒட்டி வர வேண்டும், ஏனென்றால் மரமும் கரையும் உயரத்தைக் காட்டும். தாழ்வான உயரத்துக்கு வந்ததும் மூக்கைச் சற்றுத் தூக்கிய நிலையில் நிறுத்தி, எஞ்சின் சக்தியைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்குச் சுமார் 150 அடி என்ற மெதுவான வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தானாக வந்து தொடும்வரை எதையும் மாற்றக்கூடாது. இதற்கு நீளமான நீர்ப்பரப்பு தேவை. 100 அடியிலிருந்து இப்படி இறங்க 40 விநாடி ஆகும், 60 நாட் (மணிக்குச் சுமார் 111 கிலோமீட்டர்) வேகத்தில் அதற்குள் 1.2 கிலோமீட்டர் கடந்துவிடும். சிறிய ஏரியில் பொறுமை இழந்து சக்தியைக் குறைத்துவிடுவதால்தான் விபத்து.

நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அதிகாலையில் காற்று அசையாத நாட்கள் நிறைய. கென்யிர் ஏரியிலோ தெமெங்கோரிலோ காலை ஏழு மணிக்குப் படகில் போனவர்களுக்கு அந்த நீர் எப்படி இருக்கும் என்று தெரியும். அதோடு 2015, 2019 ஆண்டுகளில் பார்த்தோமே, அந்தப் புகைமூட்டமும் சேர்ந்துகொண்டால் அடிவானமும் மறைந்துவிடும். கீழும் மேலும் ஒரே சாம்பல் நிறம். அந்த நிலையில் ஓடுபாதைக்குத் திரும்பிப் போவதுதான் அறிவு. இரண்டிலும் இறங்கும் விமானம் வைத்திருப்பதன் பெரிய நன்மையே அப்படித் திரும்ப முடிவது.

இறங்கும்போது விமானம் தவ்வித் தவ்விப் போவது எதனால்?

மூக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடப் பெரிதாகத் துள்ளும். மூக்கு தாழ்ந்தோ அதிகமாகத் தூக்கியோ தண்ணீரைத் தொட்டால் இது தொடங்கும். பைலட் பதறி ஒவ்வொரு துள்ளலுக்கும் எதிராகக் கட்டுப்பாட்டைத் தள்ளினால், கை எப்போதும் ஒரு கணம் பிந்தும். துள்ளல் வளரும். மூன்றாவது நான்காவது துள்ளலில் மூக்கு குத்திவிடலாம். இரண்டு துள்ளலுக்குள் அடங்கவில்லை என்றால் சக்தியை முழுதாகக் குறைத்து, கட்டுப்பாட்டுத் தண்டை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்வதுதான் கற்றுத்தரப்படும் வழி.

எஞ்சின் மேலே தூக்கி வைத்திருக்கும் விமானங்கள் கூடுதல் ஆபத்தா?

ஆபத்து என்பதைவிட, வேறு குணம். லேக், சீரே போன்றவற்றில் தண்ணீர் தெறிக்காமல் இருக்க எஞ்சினை உடலுக்கு மேலே கம்பம் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். தள்ளுவிசை எடைமையத்துக்கு மேலே விழுகிறது. அதனால் சக்தியைக் கூட்டினால் மூக்கு தாழும், குறைத்தால் மூக்கு உயரும்.

சாதாரணப் பயிற்சி விமானங்களில் சக்தியைக் கூட்டினால் மூக்கு மேலே போகும் என்று பழகியவர் இதில் உட்கார்ந்து, தண்ணீருக்குச் சற்று மேலே "சரியில்லை, மறுபடி சுற்றி வருவோம்" என்று த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால், மேலே போக வேண்டிய விமானம் தண்ணீரை நோக்கித் தலையைச் சாய்க்கும். கை அதை உடனே பிடித்து நிறுத்த வேண்டும். அந்த உடனே என்பதுதான் பயிற்சி. புத்தகத்தில் படித்தால் வராது.

சுமை ஏற்றுவதில் கவனிக்க ஏதாவது உண்டா?

நிறைய. ஹோவர்ட் ஹியூஸின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அமெரிக்காவின் பெரும் பணக்கார விமானி. 1943 மே மாதம் அவர் சிகோர்ஸ்கி எஸ்-43 என்ற இரட்டை எஞ்சின் நீர்-நில விமானத்தை மீட் ஏரியில் இறக்கினார். எடை சரியாகப் பகிரப்படாமல் எடைமையம் முன்னே தள்ளிப்போயிருந்தது. தண்ணீரைத் தொட்டதும் மூக்கு உள்ளே வாங்கிக்கொண்டு விமானம் சுழன்று உடைந்து மூழ்கியது. இருவர் இறந்தார்கள். தரையில் சமாளிக்கக்கூடிய எடைப் பிழை தண்ணீரில் மன்னிக்கப்படாது.

மிதவைக்குள் கசிந்திருக்கும் தண்ணீரும் எடைதான். ஒவ்வொரு மிதவையும் பல தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பறப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கைப்பம்பால் இறைத்துப் பார்ப்பார்கள். பைலட் அதைச் செய்துகொண்டிருந்தால் அவசரப்படுத்தாதீர்கள்.

பினாங்கு நீரிணையில் இப்படிப்பட்ட விமானம் இறங்க முடியுமா?

இறங்கியிருக்கின்றன. பிரிட்டிஷ் காலத்தில் குளுகோரில் கடல்விமானத் தளமே இருந்தது. ஆனால் அன்றைய நீரிணை வேறு, இன்றையது வேறு. 1985-இல் திறந்த முதல் பாலம், 2014-இல் திறந்த இரண்டாம் பாலம், பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள், ஃபெரி, மீனவர் வலை, மிதக்கும் மரக்கட்டை. பெரிய கப்பல் கடந்துபோய்ச் சில நிமிடங்கள் கழித்தும் அதன் அலை வந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சின்னக் கோடாகத் தெரியும் அந்த அலை, தொடும் வேகத்தில் வரும் மிதவையை மறுபடி காற்றில் தூக்கி எறியப் போதுமானது.

அலைத்தொடர் இருக்கும் கடலில் அதற்குக் குறுக்கே இறங்காமல் இணையாக இறங்க வேண்டும். மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயற்காற்று வேறு. மேற்கே கருமேகச் சுவர் தெரிந்தால் பாயான் லெப்பாஸ் ஓடுபாதைதான் சரி.

ஐகான் ஏ5 விபத்துகளும் இதே காரணத்தாலா?

2017-இல் செய்தியான இரண்டு பெரிய விபத்துகள் இறங்கும்போது நடந்தவை அல்ல. மே மாதம் கலிஃபோர்னியாவில் பெரியெசா ஏரியருகே பள்ளத்தாக்குக்குள் தாழப் பறந்து மலையில் மோதியது ஒன்று. நவம்பரில் ஃப்ளோரிடா கடலோரம் தாழ்வான உயரத்தில் வளைத்து ஓட்டியதில் பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே இறந்தது இன்னொன்று.

கவிழ்ந்துவிட்டால் எப்படி வெளியே வருவது?

இந்தப் பதிலை மட்டுமாவது குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள்.

தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கும்போது மேல் எது, கீழ் எது, இடது எது என்று மூளைக்குத் தெரியாது. மூக்கில் தண்ணீர் ஏறும். இருட்டாக இருக்கும். இதில் எல்லாரும் முதலில் செய்வது சீட் பெல்ட்டைக் கழற்றுவது. கழற்றியதும் உடம்பு மிதந்து எங்கோ முட்டிக்கொள்ளும், கதவு எந்தப் பக்கம் என்பது தொலைந்துவிடும்.

சரியான வரிசை இது. விமானத்தில் ஏறி உட்கார்ந்ததுமே கதவுக் கைப்பிடியை ஒரு கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடுங்கள். அது எந்தப் பக்கம் திரும்பினால் திறக்கும் என்று பைலட்டிடம் கேளுங்கள். விபத்து நடந்தால் விமானம் அசைவு நிற்கும்வரை பெல்ட்டோடு இருங்கள். ஒரு கையால் கதவின் விளிம்பையோ ஜன்னல் சட்டத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள், அந்தக் கையை எடுக்கவே கூடாது. மறு கையால் கதவைத் திறங்கள். உள்ளே தண்ணீர் நிரம்பும்வரை வெளி அழுத்தத்தால் கதவு திறக்காமல் போகலாம், நிரம்பியதும் திறக்கும். திறந்த பிறகு பெல்ட். பிடித்திருக்கும் கையால் உங்களை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தலைகீழாக இருந்தாலும், உங்கள் வலதுபுறம் இருந்த கதவு இப்போதும் உங்கள் வலதுபுறம்தான்.

செஸ்னா 206-இல் ஏறுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பின்னிருக்கைப் பயணிகள் வெளியேற வலப்பக்கம் இரட்டைக் கதவு இருக்கிறது. இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃப்ளாப் தகட்டை இறக்கியிருந்தால், அது இந்த இரட்டைக் கதவில் முன்பக்கக் கதவை மறித்துக்கொள்ளும், முழுதாகத் திறக்க விடாது. அப்போது அதன் பின்பக்கக் கதவைத் திறக்கத் தனி வழிமுறை உண்டு, அதை நிதானமாகப் படித்துச் செய்ய அந்த நேரத்தில் யாராலும் முடியாது. 2018 ஆகஸ்டில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் ஓர் ஏரியில் இறங்கும்போது மிதவை பூட்டிய 206 ஒன்று கவிழ்ந்தது. ஐந்து பேரில் பைலட்டும் ஒரு பயணியும் வெளியே வந்தார்கள். மற்ற மூவரால் வர முடியவில்லை. அதனால் 206-இல் பின்னால் உட்காருகிறவர், அந்தக் கதவைத் தரையில் வைத்து ஒரு தடவை தானே திறந்து பார்க்காமல் கிளம்பச் சம்மதிக்கக் கூடாது.

கெர்தேயிலும் மீரியிலும் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஹுவெட் பயிற்சி கட்டாயம் என்பது தெரிந்திருக்கும். ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டில் உட்கார வைத்து நீச்சல்குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். முதல் தடவை பதறியவர்கள் மூன்றாவது தடவை அமைதியாக வெளியே வருவார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்தவருக்கும் இந்தப் பயிற்சி தேவை.

லைஃப் ஜாக்கெட் எப்போது போட வேண்டும்?

ஏறும்போதே. இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்பது இங்கே உதவாது, எடுக்க நேரம் இருக்காது. 2009-இல் கனடாவின் சட்டுர்னா தீவருகே நீர்விமான விபத்தொன்றில் ஆறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே நீண்ட விவாதம் நடந்து, வணிக நீர்விமானப் பயணிகள் மிதவைச் சாதனத்தை அணிந்தே பயணிக்க வேண்டும், பைலட்டுகள் நீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சி பெற வேண்டும் என்று 2019-இல் விதி வந்தது.

ஊதிப் பெருக்கும் வகையாக இருக்க வேண்டும். படகில் தரும் நுரை ஜாக்கெட் போட்டிருந்தால், கவிழ்ந்த கேபினுக்குள் அது உங்களை மேலே தள்ளி அழுத்திக்கொள்ளும், கீழே மூழ்கிக் கதவுக்கு வர முடியாது. அதே காரணத்தால் ஊதும் வகையையும் வெளியே வந்த பிறகே ஊத வேண்டும்.

மலேசியாவில் இந்த விமானங்கள் இருக்கின்றனவா? விபத்து நடந்தால் யார் விசாரிப்பார்கள்?

பெரிய வகையில், மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்திடம் பம்பார்டியர் சிஎல்-415 இரண்டு உண்டு, சுபாங் அவற்றின் தளம். தண்ணீரை உரசிக்கொண்டே 12 விநாடிகளில் சுமார் 6,000 லிட்டரை அள்ளிக்கொள்ளும் வகை அது. 2015 புகைமூட்டத்தின்போது இந்தோனேசியாவில் தீயணைக்கவும் போனது. விமானங்களுக்கும் பைலட்டுகளுக்கும் அனுமதி தருவது மலேசிய சிவில் விமான ஆணையம். விபத்தை விசாரிப்பது போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள வான் விபத்து விசாரணைப் பிரிவு. பன்னாட்டு விதிப்படி அந்த விசாரணையின் நோக்கம் மறுபடி நடக்காமல் தடுப்பது, யார்மீதும் குற்றம் சுமத்துவது அல்ல.

மகன் பைலட் படிப்பு முடித்துவிட்டான். இதை ஓட்டலாமா?

தரை விமான உரிமம் மட்டும் போதாது, நீர்விமானத்துக்குத் தனித் தகுதி பெற வேண்டும். வெறும் மிதவை விமானத்தில் தகுதி பெற்றவர்கூட, சக்கரமுள்ள மிதவைக்கு மாறும்போது மறுபடி பயிற்றுநரோடு பறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சக்கர முடிவை அவர் இதுவரை எடுத்ததே இல்லை.

குழந்தையையும் வயதான அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகலாமா?

போகலாம், சில ஏற்பாடுகளோடு. குழந்தை அளவுக்கான ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பெரியவர்களுக்கானதைக் குழந்தைக்குக் கட்டினால் கழன்றுவிடும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு என்று ஏறும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள், இருவரும் அடுத்தடுத்து உட்காருங்கள். அம்மாவைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா என்பதைக் கவனமாக யோசியுங்கள். அவரால் கைப்பிடியைத் திருப்ப முடியாது என்றால், திருப்பக்கூடியவர் கதவோரத்திலும் அம்மா அவருக்கு அடுத்தும் இருப்பது நல்லது. சேலை கட்டியிருந்தால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும், அது இருக்கையில் சிக்கிக்கொள்ளும். கைப்பையை மடியில் வைக்க விடாதீர்கள். எடை கேட்கும்போது உண்மையான எடையைச் சொல்லச் சொல்லுங்கள், பைலட் யாரை எங்கே உட்கார வைப்பது என்று கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.